பஞ்சை விடாத சுருட்டு

ஒரு டப்பாவில் இரண்டு சுருட்டுகள் குடியிருந்தன. அவை வறண்டுவிடாமலிருக்க முதலாளி ஓர் ஈரப் பஞ்சையும் மூலையில் வைத்திருந்தார். குண்டுச் சுருட்டு எந்நேரமும் அந்தப் பஞ்சைக் கட்டிக்கொண்டே கிடந்தது.

"கொஞ்சம் தள்ளிப் படேன்டா. இப்படி ஊறிக் கிடந்தா, இழுக்கிறவருக்குப் புகையே வராது," என்றது ஒல்லிச் சுருட்டு.

"வரக் கூடாதுன்னுதானே படுத்திருக்கேன்," என்றது குண்டு.

முதலாளி தினமும் குண்டை எடுத்து அமுக்கிப் பார்ப்பார். "இன்னும் ஈரம் போகலையே," என்று திரும்ப வைத்துவிடுவார். பக்குவமாகக் காய்ந்திருந்த ஒல்லி ஒரு நாள் அவர் வாய்க்குப் போனது. திரும்பி வரவில்லை.

"நல்ல பேர் எடுத்தான், சாம்பலாப் போனான்," என்று பஞ்சிடம் சொல்லிச் சிரித்தது குண்டு.

மறுநாள் முதலாளியின் மனைவியுடைய தம்பி விருந்துக்கு வந்தார். கேட்காமலே குண்டை எடுத்துப் பற்றவைத்தார். கன்னம் இரண்டும் குழி விழுந்ததுதான் மிச்சம், புகை வரவில்லை.

"அது ஈரம் மச்சான். நாலு நாள் காயணும்," என்றார் முதலாளி.

குண்டு நிம்மதியாகப் பஞ்சைப் பார்த்தது.

"நாலு நாளா?" என்ற மச்சான் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "அக்கா, தோசைக்கல் சூடா இருக்கா?"