இரண்டு வாய்

கன்றின் காதில் மாட்டியிருந்த, நோய் காட்டும் வில்லை காலையில் சிவப்பானது. குடலுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியிடம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் தோற்கத் தொடங்கினால் அது அப்படித்தான் எரியும். கன்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. முற்றத்தில் துள்ளிக்கொண்டிருந்தது.

மத்தியானம் கால்நடை மருத்துவர் கௌசிக் வண்டியோடு வந்தார்.

“தாய்மாடு கிருமியை அடக்கி வெச்சிருக்கு. இதால முடியலை. மெலிஞ்சு, கழிஞ்சு சாக ரெண்டு வருசம் ஆகும். அதுக்குள்ள மத்த மாட்டுக்கெல்லாம் பரப்பிரும், இன்னைக்கே கொண்டுபோயிரணும்” என்றார். “பொறந்ததுமே பிரிக்கச் சொன்னனே, தாய்ப்பால் குடுக்கலையே?”

மாட்டுக்காரி நிவேதா தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“புட்டிப்பால்தானுங்க குடுத்தேன். ஆனா கன்னு வாய் வெக்காம தாய்மாடு மயிலை பாலே விடமாட்டேங்குதுங்க. சுரக்கட்டும்னு தினமும் ரெண்டு வாய் மட்டும் ஊட்டவிட்டு, இழுத்துக் கட்டிருவேன். ரெண்டே வாய்தானுங்க.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

கன்றை அவளே வண்டிவரை கூட்டிப்போனாள். வழியெல்லாம் அது அவள் விரல்களைச் சப்பிக்கொண்டே வந்தது.

சாயங்காலம் பால் தேங்கி மடி கட்டிவிடக் கூடாதே என்று மயிலையின் அருகில் செம்போடு உட்கார்ந்தாள். எவ்வளவு நீவியும் ஒரு சொட்டு வரவில்லை. மாடு கழுத்தைத் திருப்பியது. கன்றின் எச்சில் காய்ந்திருந்த அவள் கையை மோந்து பார்த்தது. பிறகு விரல் விரலாக, நெடுநேரம் நக்கியது.

மடி சுரந்தது.