அரைக் குளிசை

"அந்தக் கொமினிகேஷன் கடைக்காரன் என்ர மனிசனைப் பைத்தியமாக்கிறான், டொக்டர்!"

வெள்ளவத்தை கிளினிக்கில், நாற்காலி நுனியில் இருந்தபடி நேசமலர் பொரிந்து தள்ளினாள். பக்கத்தில் கணவர் நாகேந்திரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார். நாலு மணிக்குள் கடைக்குப் போய்விட வேண்டும் அவருக்கு.

ஏஜென்சிக்காரனோடு வெளிநாடு புறப்பட்ட மகன் எட்டு மாதமாக எந்த நாட்டில் என்று தெரியாது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இவர்கள் இருவரும் தங்கியிருக்கும் லொட்ஜில் போன் இல்லை. மகனிடம் இருந்தது, பக்கத்தில் ஹாஷிம் நடத்தும் அந்தக் கொமினிகேஷன், அதாவது டெலிபோன் கடையின் நம்பர் ஒன்றுதான்.

"ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம் கடைக்கு ஓடுறார். அவனும் இடைக்கிடை, 'கோல் வந்திச்சு அங்கிள், கட்டாகிட்டு' எண்டு ஆசை காட்டுறான். நேற்று செக்பொயின்ரிலை ஆமிக்காரன் துவக்கை நீட்டிப்போட்டான்!"

டொக்டர் கனகசபாபதி பழைய மருந்துச் சீட்டைப் பார்த்தார்.

"இது குளிசையின்ர வேலை அம்மா. மூளையிலை டோபமினை வாங்கிற ஏற்பிகள் இருக்கு. ஒரு சந்தோஷம் கிடைச்சால், 'திரும்பப் போ' எண்டு படிப்பிக்கிறது அதுகள்தான். நடுக்கத்துக்குக் குடுத்த குளிசை அதுகளை அளவுக்கு மிஞ்சித் தட்டிவிட்டிட்டுது. இடைக்கிடை கிடைக்கிற சந்தோஷம் ஆளை இன்னும் விடாது."

"அப்ப?"

"அரைவாசியாக்குவம். கை நடுங்கும், ஆளும் சோருவார். ஆனால் ஓட மாட்டார்."

நாகேந்திரம் முதன்முறையாக வாய் திறந்தார். "முழுசாவே இருக்கட்டும், டொக்டர்."

"நீங்கள் சும்மா இருங்கோ!" என்றாள் நேசமலர்.

பத்தே நாளில் ஓட்டம் நின்றது. தேத்தண்ணி ஆறினாலும் கேட்க மாட்டார். நடுங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். மகன் பெயரைச் சொன்னாலும் முகத்தில் அசைவில்லை.

உயிரோடு இருக்கிறாரே, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தப் புதன்கிழமை, லொட்ஜில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுக்குப் போய்த் திரும்பியபோது அறைக்கதவு அகலத் திறந்து கிடந்தது. அவரோ வைத்த இடத்தில் வைத்தபடி. சாத்த மறந்துவிட்டேனாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நேரே கடைக்குப் போனாள். ஹாஷிம் அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"தம்பி, இனிமேலாவது அந்த மனிசனுக்குப் பொய் சொல்லி ஆசை காட்டாதேங்கோ. இப்பதான் ஒருமாதிரி மறந்திருக்கிறார்."

"பொய்யா?"

ஹாஷிம் மேசையைச் சுற்றி அவள் முன்னால் வந்தான்.

"புதன்கிழமை மகன் லைன்ல இருக்கக்குள்ள நானே உங்கட ரூமுக்கு ஓடி வந்து கூப்பிட்டேன் ஆன்டி... அங்கிள் வேணாமெண்டு தலையாட்டிட்டார்."