அசல் வாசனை

பழைய கார் சேகரிப்பவர்கள் வட்டத்தில் மயிலாப்பூர் அனந்தராமனின் மூக்குக்குத் தனி மரியாதை. கண்ணை ஏமாற்றலாம், தன் மூக்கை ஏமாற்ற முடியாது என்பார்.

பெசன்ட் நகரில் மெக்கானிக் ஆண்டனி புதுப்பித்து விற்பனைக்கு வைத்திருந்தான், கூரை மடங்கும் 1936 மாடல் கார் ஒன்றை. அதைப் பார்க்க வந்த அனந்தராமன் ஷெட் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். காரை ஒட்டி ஓர் அம்மாள் மூடிய கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"யாருப்பா இது? மீன் நாத்தம் குடலைப் பிடுங்கறது. முதல்ல தள்ளிப் போகச் சொல்லு."

"எங்கம்மா சார், அந்தோணியம்மா. யம்மா, கொஞ்சம் தெருமுனையாண்ட போய் குந்து."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனாள்.

அனந்தராமன் காரில் ஏறினார். சீட்டில் முகத்தைப் பதித்து, கண்ணை மூடி முகர்ந்தார்.

"ஆஹா. அந்தக் காலத்து இங்கிலீஷ் தோல். ராஜா வீட்டு வாசனைப்பா இது. நானே எடுத்துக்கறேன், வேற யாருக்கும் காட்டாதே."

"சரி சார்."

"இந்த வாசனை போகாம எப்படிக் காப்பாத்தறது?"

"வாரம் ஒரு தபா எண்ணெ தேய்க்கணும் சார். எங்கம்மாதான் தேய்க்கும்."

"அந்த எண்ணெயில எனக்கு ரெண்டு பாட்டில் கொடு."

ஆண்டனி தெருமுனையைப் பார்த்துக் கத்தினான். "யம்மா, கூடைய எடுத்துக்கினு வா."

"கூடை எதுக்கு?"

"அதுல மீன் இல்ல சார், எண்ணெதான் கீது. கட்டுமரத்துக்குப் பூசற சுறா எண்ணெ."

அந்தோணியம்மாள் வந்து கூடையைத் திறந்து இரண்டு பாட்டில்களை எடுத்து நீட்டினாள்.

"நல்லா அழுத்தித் தேய் சார். இந்த நாத்தம் லேசுல போவாது."