கம்மலின் நிழல்

பரணியின் படம் வாரப் பத்திரிகை அட்டைக்குத் தேர்வாகிவிட்டது. இருவருக்கும் பொதுவான டேப்லெட்டை மனைவி மிருதுளாவின் மடியில் வைத்துவிட்டு, பிரியாணி வரவழைக்கப் போனை எடுத்தான்.

படத்தில் ஒரு பெண். பாதி முகம் பளீர் வெளிச்சம், மீதி மையிருட்டு. நடுவே சாம்பல் என்பதே கிடையாது.

மிருதுளாவும் ஓவியர்தான். கோணல் தெரிய எந்தப் படத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது அவள் பழக்கம். திருப்பினாள். விரல் அப்படியே நின்றது.

அவள் தீபாவளிக்கு முன்பு இதே டேப்லெட்டில் வரைந்த பெண். "கருப்பு ஓவர் மிருது. பேய்க்கதைக்குத்தான் ஆகும், அழிச்சிடு" என்று பரணி சொன்னதால், அவன் எதிரிலேயே அழித்த பெண். அன்று கம்மலின் நிழலைக் கன்னத்தில் போட மறந்திருந்தாள். இதிலும் அது இல்லை.

படத்தைப் பழையபடி திருப்பி வைத்தாள்.

"நல்லா வந்திருக்கு பரணி. கம்மலுக்கு மட்டும் நிழலே விழலையே?"

"நீ எங்க நிழல் போட்டே?" என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகுதான் நிமிர்ந்தான். மிருதுளா டேப்லெட் பேனாவை எடுத்து, அந்தக் கன்னத்தில் நிழலைப் போடத் தொடங்கியிருந்தாள்.