வெறுங்கை

செனாய் நகரில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் முழுக்க மழை வழிகிறது. கொய்யா இலையை வேகவைத்து இறுத்த சாற்றை, வெள்ளி உப்பு கரைந்த நீரில் இன்பராணி மெல்ல ஊற்றுகிறாள். அகன்ற கண்ணாடிக் குவளையில் நீர் மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேநீர் நிறத்துக்கு இருள்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் அதற்குள் பிறந்துகொண்டிருக்கின்றன. இந்தச் செய்முறையை விலைக்குக் கேட்டு வந்திருக்கும் தயாநிதி எதிரே நிற்கிறார். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு அவர் மேனேஜர். ஆறு வருடங்களுக்கு முன்பு அங்கே இதே துகளைக் கடும் ரசாயனத்தில் செய்தபோது, கையுறை தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர். அதை நம்பிய அவள் தம்பியால் இன்று சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது.

"இது கைய ஒண்ணும் பண்ணாதுன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கீங்க இல்ல, மிஸ்?"

"போட்டிருக்கேன் சார். விட்டுப் பாருங்க."

"கிளவுஸ் இருக்கா?"

"கில்பர்ட் என் தம்பி சார். நீங்க எழுதுன பேப்பர நம்பித்தான் அவனும் கைய விட்டான்."

தயாநிதியின் முகம் வெளுக்கிறது. பேப்பரில் இருப்பது எவ்வளவு உண்மையாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். நீட்டிய கை நீருக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிடுகிறது. அவளே முதலில் விரலை நனைத்துக் காட்டலாம். காட்டாமல், கைகளைக் கட்டிக்கொண்டு, அந்தரத்தில் நிற்கும் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள்.