வேகாத பய

ஆள் நடமாட்டம் நின்னுபோன ஒரு யுரேனியச் சுரங்கத்துல, செவுத்தோட செவுரா வெள்ளையா, கெட்டியா ஒரு வெங்கச்சங்கல்லு இருந்துச்சு. பூமிக்கு அடியில கொதிச்சுக் கொதிச்சுப் பொறந்த கல்லு, அதனால வாய் கொஞ்சம் நீளம்.

பக்கத்துல ஒரு சொட்டுத் தண்ணி தொங்கிட்டிருந்துச்சு. அதுக்குள்ள கரைஞ்சு கெடந்த யுரேனியம் சொன்னுச்சு: "அண்ணே, நானும் கல்லாகப் போறேன்."

"அடுப்பே மூட்டாமலா? போடா வேகாத பயலே! இந்தச் சொட்டு விழுந்துச்சுன்னா, கீழ ஓடுற தண்ணில கலந்து காணாமப் போயிருவ."

"சூடெல்லாம் வேணாண்ணே. விழறதுக்குள்ள கொஞ்சம் காத்தடிச்சா போதும். கூடவே உப்பு இருக்கான், கந்தகம் இருக்கான். கைகோத்துக்குவோம்."

வெங்கச்சங்கல்லு விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. ஆனா சுரங்க வாசல்லேர்ந்து மெல்லக் காத்து வந்துச்சு. சொட்டு விழாம, நாள்கணக்கா சுண்டிச் சுண்டி, கடைசில எலுமிச்ச மஞ்சள்ல ஊசி ஊசியா, பூங்கொத்து மாதிரி ஒரு கல்லு நின்னுச்சு.

"அடேங்கப்பா! இத்தன காலத்துல இப்படி ஒருத்தன நான் பாத்ததே இல்லியேடா. உன் பேரென்ன?"

"இனிமேதான் யாராச்சும் வெக்கணும்ணே."

அந்நேரம் மேல இன்னொரு சொட்டு தெரண்டு எட்டிப் பாத்துச்சு. வெங்கச்சங்கல்லு பதறிப்போய்க் கத்துச்சு: "யோவ், அந்தப் பக்கமா விழுய்யா! கீழ வேகாத புள்ள இருக்கு, கரைஞ்சிடும்!"