காலியான அறை

மாவிளக்கு மலையேறியதும் மாதங்கி தாம்பாளத்தோடு கோயிலை விட்டு வெளியே வந்து, வண்டியூர் தெப்பக்குளத்துக் கைப்பிடிச் சுவரில் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

அம்மனிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியாயிற்று.

வெல்லமும் நெய்யும் ஊறிய மாவில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கப்புறம் இன்றைக்குத்தான் நாக்கில் ருசி தெரிந்தது.

மகன் குருபிரசாத்துக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு சீட் கிடைத்தது, விசா கிடைத்தது, தங்க ஓர் அறைதான் கிடைக்கவில்லை. ஹாஸ்டல் வரிசையில் அவன் இருநூற்றுப் பதினாலாவது ஆள். பசுமலையில் இருபது வருஷமாகக் கணக்கு நடத்தும் டீச்சருக்கு, அந்த வரிசை அக்டோபருக்குள் நகராது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அறை இல்லையென்றால் பயணமும் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவள் கணவர் பேச்சை முடித்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதை அவளால் தாங்க முடியவில்லை. ஆடி கடைசி வெள்ளி சாயங்காலம் இதே கோயிலில், கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"எவனாவது ஒருத்தன் ரூமைக் காலி பண்ணணும் தாயே. மாவிளக்குப் போடுறேன்."

மறு வாரமே அங்கே படிக்கிற மதுரைப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. ஓர் அறை திடீரென்று காலியாகியிருக்கிறது, உடனே எடுத்துக்கொள்ளலாம்.

இருந்தவன் ஏன் போனான் என்று யாரும் எழுதவில்லை. மாதங்கியும் கேட்கச் சொல்லவில்லை. நோண்டிக் கேட்கப்போய் வந்த அறை கைநழுவிவிட்டால்?

சுவரில் இரண்டடி தள்ளி ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கிட்டத்தட்ட இவள் வயதுதான். மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது தனியாகத் தின்ன மனசு வராமல் மாதங்கி தாம்பாளத்தை நீட்டினாள்.

"எடுத்துக்கங்கக்கா, மாவிளக்கு."

"வேணாம்மா. வீட்ல துக்கம். பிரசாதம் வாங்க ஆகாது. உள்ள போகவும் ஆகாது, அதான் இங்கனயே உக்காந்துட்டுப் போறது."

ஐயோ பாவம் என்றிருந்தது. யாருக்கு என்று கேட்க வாயெடுத்தாள், அதற்குள் ஃபோன் அடித்தது. வீடியோவில் குரு.

இங்கே சாயங்காலம் ஐந்தரை, அங்கே மத்தியானம் இரண்டு. போய் இறங்கி மூன்று நாளில் இன்றைக்குத்தான் மகன் துரை கணக்காக அறையைச் சுற்றிக் காட்டுகிறான். கட்டில், மேசை, ஒற்றை அடுப்பு, அதன்மேல் முதன்முதலாக அவனே வைத்த சாம்பார். நாலாவது மாடி என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அலமாரியில் ஒரு விபூதிப் பொட்டலம் இருந்தது. அது முன்னால் இருந்தவன் விட்டுப்போனதாம். நல்ல பிள்ளையாகத்தான் இருந்திருப்பான் என்று மாதங்கி நினைத்துக்கொண்டாள்.

ஒரே தொல்லை, ஜன்னல். தாளித்த புகை அறைக்குள்ளேயே சுற்றுகிறது, எம்புட்டு இழுத்தாலும் அது அசைய மாட்டேனென்கிறது என்று குரு இருமிக்கொண்டே சொன்னான்.

அந்த அம்மாள் எப்போது நகர்ந்து இவ்வளவு கிட்டே வந்தாள் என்று மாதங்கி கவனிக்கவில்லை. தோளில் மூச்சு பட்டது.

"கைப்பிடிய மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, கீழ முழங்கால வச்சு ஒரு அமுக்கு அமுக்கச் சொல்லுங்க. தொறந்துக்கிரும்."

குருவுக்கே அது கேட்டுவிட்டது. ஃபோனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்துபோனான். முதுகு மட்டும் தெரிந்தது. கைப்பிடியைத் தூக்கினான், முழங்காலால் அமுக்கினான்.

ஜன்னல் திறந்துகொண்டது. குளிர்காற்றில் ஃபோனே ஆடியது.

மாதங்கிக்கு ஒரே ஆச்சரியம். தூர தேசத்தில் மகனுக்குத் துணையாக ஒரு மதுரைக்காரப் பிள்ளை கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் இன்னொரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"உங்க பையனும் அந்த ஊர்லதானாக்கா?"

"அந்த ரூம்லதாம்மா."

அந்த அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆடி கடைசி வெள்ளி, இதே நேரந்தான், பேசிக்கிட்டு இருந்தான். ஒரே புகையா இருக்கு, ஜன்னலத் தொறந்துட்டு வாரேம்மான்னு ஃபோன அப்பிடியே வச்சிட்டுப் போனான். நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

மாதங்கியின் வாயில் மாவு இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

திரையைப் பார்த்தாள். கட்டில் இருந்தது. அலமாரியில் விபூதிப் பொட்டலம் இருந்தது. ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. அதன் முன்னால் யாரும் இல்லை.

"குரு!"

அதே நேரத்தில் அந்த அம்மாளும் திரையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

அவள் கூப்பிட்டது வேறு பெயர்.